தூண்வரை வந்த கைப்பிடி

பக்கத்து வீட்டுக்காரர் போன வாரம் என் வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்டார். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு ரசாயன ஆலையில் ஷிப்டு பார்க்கிறவர். என் மனைவி இறந்த பிறகு, என்னிடம் பேசுவதற்கென்று ஏதாவது ஒரு விஷயத்தைத் தேடிக்கொண்டு வருகிறார் என்பதை நான் அறிவேன். அன்றைக்கு அவர் தேட வேண்டியிருக்கவில்லை.

“சார், திருவள்ளூர்ல அம்மா வாங்குனாங்களே, அந்தக் கடையில மறுபடியும் ஆஃபர் போட்டுகிறான். பேட்டரி டிரில்லு மிஷினு, பொட்டியோட, பிட்டெல்லாம் சேத்து. வாங்கலாமா, வேணாவா?”

“எதுக்கு?”

“ஊட்டாண்ட சின்னச் சின்ன வேலதான். ஸ்கிரீன் ராடு, கெடியாரம், இந்த மாரி. உங்க ஊட்டுல அன்னிக்கி நான் பாத்தனே, வாயப்பயத்துல ஊசி எறங்குன மாரி எறங்கிச்சே! நீங்க வேற ஸ்டீல்ல டாக்டர் பட்டம் வாங்குனவரு. உங்களாண்ட ஒரு வார்த்த கேட்டுக்கினா நல்லதுன்னு பாத்தேன்.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஒரு சொல்லில் முடிந்திருக்க வேண்டிய பதில். ஆனால் அவர் அந்த இயந்திரம் வேலை செய்து பார்த்தது ஒரே ஒரு முறை. நான் பார்த்தது அதைவிட அதிகம்.

அதை வாங்கியவள் என் மனைவி. அஞ்சல் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வீட்டில் சுத்தியல், திருப்புளி எல்லாம் அவள் பொறுப்பில்தான் இருந்தன. நான் ஓர் உருக்கு ஆலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் என் வேலைக்காலம் முழுவதையும் கழித்தவன். உலோகம் ஏன் முறிந்தது என்று பக்கம் பக்கமாக எழுதத் தெரியும், ஒரு கதவுக் கீலை நேராகப் பொருத்த வராது. விருந்தாளிகள் வந்தால் அவள் இதைச் சொல்லிக் காட்டாமல் இருக்கமாட்டாள். “அவரு இரும்புக்கு டாக்டரு. நான் கம்பவுண்டரு. ஊசி போடறதெல்லாம் நான்தான்.”

அவளுடைய இடது பாதம் தரையில் இழுபடத் தொடங்கியபோது செருப்பைக் குறை சொன்னோம். பிறகு முதுகெலும்பை. தசைகளை ஏவுகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செயலற்றுப் போகும் நோய் என்று சென்னையில் சொன்னார்கள். மருந்து உண்டா என்று நான் கேட்டேன். எவ்வளவு காலம் நடப்பேன் என்று அவள் கேட்டாள். இரண்டில் அவளுடையதே பயனுள்ள கேள்வி. மருத்துவர் மேசைமேல் இருந்த பேனாவை வேறு பக்கம் நகர்த்தி வைத்தார்.

திரும்பும் வழியில், கார் செங்குன்றம் தாண்டிய பிறகு, அவள் பேசினாள்.

“ஒன்னே ஒன்னு சொல்லிடறேங்க. பாத்ரூமுக்கு நான்தான் போவேன். தானா நடந்து, தானா கதவச் சாத்திக்கினு. மத்ததெல்லாம் நீங்க செய்யுங்க, நான் வாயத் தொறக்க மாட்டேன்.”

“வாயத் தொறக்காம இருக்கறது நடக்காத காரியம்.”

“அதப் பத்தி டாக்டரு ஒன்னும் சொல்லல இல்ல?” என்றாள். சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

ஆகவே கட்டிலிலிருந்து குளியலறைக் கதவுவரை, சுவரை ஒட்டி இடுப்பளவு உயரத்தில் ஒரு கைப்பிடிக் குழாய் வேண்டும். அவளே அளந்தாள், பென்சிலால் சுவரில் குறியிட்டாள். ஆளை அழைக்கலாம் என்றேன். வருகிறவன் எதற்கு என்று கேட்பான், மறுநாள் தெருவே கேட்கும், நடக்க முடிகிறவரை யாரும் கேட்க வேண்டாம் என்றாள். பெரிய நிறுவனத்தின் கனமான துளைப்பு இயந்திரம் ஒன்று வாங்கித் தருவதாகச் சொல்லிக் கடைக்கு அழைத்துப் போனேன். அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். மணிக்கட்டு மடங்கியது. கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தாள். என் வலது தோளில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது; அந்த இயந்திரத்தை அழுத்திப் பிடிக்க எனக்கும் அனுமதி இல்லை.

பிறகு கடம்பத்தூரில் இருக்கும் அவள் தங்கையைப் பார்க்கப் போனபோது, திருவள்ளூரில் அந்தத் தள்ளுபடிக் கடையில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். பிளாஸ்டிக் நாற்காலி, பிரஷர் குக்கர், பயணப் பெட்டி, மிக்ஸி என்று எல்லாம் ஒரே கூரையின்கீழ் குவிந்து கிடக்கும் கடை. நாற்காலிகளுக்குப் பின்னால் அந்த இயந்திரம் இருந்தது. பெயர் கேள்விப்படாத நிறுவனம். எடை குறைவு, பேட்டரியில் ஓடுவது, அவள் ஒரே கையால் தூக்கினாள். அட்டைப்பெட்டியின்மேல் ஒரு வண்ணப்படம்: மஞ்சள் சட்டை அணிந்த ஒரு பெண் சுவரில் துளையிடுகிறாள், அருகில் ஓர் ஆண் சட்டமிட்ட படமொன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். இருவர் முகத்திலும் அளவுக்கு மீறிய மகிழ்ச்சி.

வீட்டுக்கு வந்ததும் நான் என் வழக்கப்படி அதைப் பரிசோதித்தேன். துளையிடும் முனையான பிட்டைப் பிடிக்கும் வாய் சற்றே ஆடியது. உள்ளே பற்சக்கரங்களில் ஒன்று உலோகம் அல்ல. பிட்டின் நுனியிலிருந்த கடினத் துண்டு, பற்றவைப்பு நிரம்பாமல், ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. பெட்டியில் சுத்தியல்போல் அடித்துத் துளைக்கும் என்று எழுதியிருந்தது. அது அடிக்கவில்லை, நடுங்கியது. ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

“டெஸ்ட் ரிப்போர்ட்டு முடிஞ்சுதா?” என்றாள். “சரக்கு ரிஜக்டுன்னு சீல் குத்திட்டீங்கன்னா நான் வேலய ஆரம்பிப்பேன்.”

பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்தாள். துளையிட வேண்டிய இடத்துக்குக் கீழே ஒரு பழைய தபால் உறையை வாய்திறந்து ஒட்டினாள். விழும் தூசு முழுவதும் அதற்குள் போய்ச் சேரும். அஞ்சல் அலுவலகத்தில் யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததல்ல, அவளுக்கே தோன்றியது. இரு கைகளாலும் இயந்திரத்தைப் பிடித்து, முழங்கையை விலாவில் ஊன்றிக்கொண்டு அழுத்தினாள். எங்கள் வீட்டுச் சுவர்கள் சாம்பல் கல்லால் கட்டியவை. அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து மிஞ்சும் சாம்பலில் வார்த்த கற்கள். இந்தப் பக்கத்தில் பலரும் அதில்தான் கட்டுகிறார்கள். இயந்திரம் இறங்கியது. சாம்பல்நிறத் தூசு உறைக்குள் விழுந்தது. குழாயைப் பிடிக்கும் முதல் தாங்கியை அன்றே பொருத்தினாள். ஓய்வெடுத்து ஓய்வெடுத்து, அந்த வாரத்துக்குள் தூண்வரை வந்துவிட்டாள்.

கடைசித் தாங்கி தூணில்தான் வர வேண்டும். குளியலறைக் கதவுநிலைக்கும் சுவருக்கும் இடையில் நிற்பது அந்தத் தூண் மட்டுமே. அறையிலிருந்து குளியலறைக்குத் திரும்பும் முனையும் அதுதான். அவள் உடல் தடுமாறுவதும் சரியாக அந்தத் திருப்பத்தில்தான்.

தூணில் பிட் பூச்சைத் தாண்டியது. கான்கிரீட்டில் சிறிது போயிற்று. பிறகு ஒலி மாறியது, இரும்பில் பட்ட ஒலி. நாற்பதாண்டுக் காலம் அந்த ஒலியோடு வாழ்ந்தவன் நான். நிறுத்தச் சொன்னேன். பிட்டின் நுனியிலிருந்த துண்டு பெயர்ந்து உறைக்குள் கிடந்தது.

இந்த வீடு கட்டிய காலத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். தொழிற்பேட்டையின் உருக்கு ஆலைகளில் வேலை பார்த்தவர்கள் கட்டிய வீடுகள் எல்லாவற்றுக்கும் ஒரு பொது இயல்பு உண்டு: தேவைக்கு மேல் கம்பி. ஆலையில் பணியாளர்களுக்குக் குறைந்த விலையில் முறுக்குக் கம்பி கிடைக்கும். கிடைப்பதை எல்லாம் தூணுக்குள் அடுக்கிவிடுவோம். வரைபடம் கேட்பது ஒன்றாக இருக்கும்; நாங்கள் போடுவது அதைப்போல் இரு மடங்கு. கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகளும் விரல் நுழையாத நெருக்கத்தில் இருக்கும். ஒருவர் வீட்டைப் பார்த்து அடுத்தவர் இன்னும் கொஞ்சம் சேர்ப்பார். என் வீட்டுத் தூணைக் கட்டிய மேஸ்திரி, கான்கிரீட் கொட்டுவதற்கு முன் கம்பிக்கூட்டைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

“இன்னா சார், ஊடு கட்றமா, மேம்பாலம் கட்றமா? ஜல்லி பூந்து போறதுக்கு வழியே இல்லியே!”

“இருக்கட்டும் மேஸ்திரி. நூறு வருஷம் நிக்கணும்.”

“நிக்கும் சார். ஊடு நிக்கும்.”

அந்தக் கம்பிகள் நானே சோதித்து ஒப்புதல் அளித்த வார்ப்பிலிருந்து வந்தவை. பழுக்கக் காய்ந்து வெளிவரும் கம்பியின்மேல் தண்ணீரைப் பாய்ச்சிச் சட்டெனக் குளிர்விக்கும்போது அதன் வெளிப்புறம் மட்டும் கடினமான ஓர் உறையாக இறுகும். உள்ளே மென்மை எஞ்சும். அந்த உறை போதிய கடினத்துடன் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் தொழில். அது போதிய கடினத்துடன் இருந்தது.

ஒரு விரலகலம் தள்ளித் துளையிட்டோம். மீண்டும் கம்பி. மேலே போனோம், ரிங். நான் பொன்னேரிவரை போய் நல்ல நிறுவனத்தின் பிட் வாங்கிவந்தேன். பிட் தாங்கியது, இயந்திரம் தாங்கவில்லை. கைப்பிடி சூடாகி, கருகிய வாசனை வந்து, அதன் சிறு விளக்கு அணைந்துபோயிற்று. ஆறிய பிறகு உயிர் வந்தது. ஆனால் அதற்கு மேல் அழுத்த அவள் கைகளில் பலம் இல்லை. முக்காலியில் உட்கார்ந்தபடி தூணைப் பார்த்தாள்.

“உங்க கம்பி உங்களுக்கே வழி உட மாட்டேங்குது பாருங்க.”

இனி ஆளை அழைக்கலாம் என்று அவளே சொன்னாள். எங்கள் தெருக்கோடியில் ஓர் எலக்ட்ரீசியன் உண்டு. இந்த வீட்டு மின்னிணைப்பு எல்லாம் அவர் செய்ததுதான். தொலைபேசியில் அழைத்தேன். பின்னணியில் பேரிரைச்சல்.

“சார், அத்திப்பட்டுல ஷட்டவுனு ஓடிக்கினு கீது. ஒரே பேஜாரு. நாஷ்டா துன்னக்கூட நேரமில்ல. ஊருல கீற டிரில்லு, கட்டரு எல்லாம் இங்கதான் கீது. முடிஞ்ச ஒடனே மொத வேல உங்க ஊட்டுதான். இன்னா சார் அவசரம், ஏசி மாட்டப் போறீங்களா?”

“இல்ல. ஒரு கைப்புடி.”

“யாருக்கு சார்?”

“எங்க ரெண்டு பேருக்கும்தான். வயசாவுது இல்ல.”

அனல்மின் நிலையத்தின் ஓர் அலகைப் பராமரிப்புக்காக நிறுத்தும்போது, சுற்றுவட்டாரத்தில் ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த எல்லோரும் அங்கே போய்விடுவார்கள். வேறு சிலரையும் கேட்டேன். எல்லோருமே அங்கே இருந்தார்கள், அல்லது அவர்களுடைய இயந்திரம் அங்கே இருந்தது. ஒரு பெரிய இயந்திரம் வாங்கி யாரையாவது கூலிக்கு வைக்கலாம் என்று நான் சொன்னதற்கு, “ஒரு ஓட்டைக்கு ஒரு மிஷினா? வேணாம், அவரு வரட்டும்” என்றாள். நோய் காத்திருக்கும் என்று நாங்கள் இருவருமே நினைத்திருக்க வேண்டும்.

அந்த நாட்களில் குழாய் தூணுக்கு முன்பாகவே முடிந்து நின்றது. அதற்கும் கதவுக்கும் இடையில் ஒரு கைநீளம். கட்டிலிலிருந்து குழாயைப் பற்றியபடி அவள் தனியாக வருவாள். குழாயின் முனையில் நின்று என்னைக் கூப்பிடுவாள். நான் கையைக் கொடுத்துத் திருப்பத்தைக் கடத்திவிட்டு, கதவுக்கு வெளியே நிற்பேன். அந்த ஒரு கைநீளத்தை அவள் வெறுத்தாள். “எல்லைவரைக்கும் என் வண்டி. அதுக்கு மேல உங்க பர்மிட்டு” என்பாள், ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா என்பதுபோல. பின்னர் அந்த நகைச்சுவையும் குறைந்தது.

ஒரு பகலில் நான் அடுக்களையிலிருந்து வந்தபோது அவள் குழாயின் முனையில் நின்றுகொண்டிருந்தாள். கூப்பிடவில்லை. எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. புடவை நனைந்திருந்தது. வலது கை தூணின்மேல், நாங்கள் போட்டுத் தோற்ற துளைகளின்மேல் விரித்து வைத்திருந்தது. பிடிப்பதற்குத் தூணில் ஒன்றும் இல்லை. நான் அருகில் போய் நின்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. “குழா நல்லா நிக்குது” என்று மட்டும் சொன்னாள். “ஆடவே இல்ல.”

எலக்ட்ரீசியன் வந்தபோது அவள் சக்கர நாற்காலிக்கு மாறியிருந்தாள். அவர் வாசலிலேயே அதைப் பார்த்துவிட்டார். தோளிலிருந்து கனமான இயந்திரத்தை இறக்கி, தூணை ஆராய்ந்து, எங்கள் துளைகளைத் தடவிப் பார்த்தார்.

“கம்பியா பூந்து கெடக்குதே சார். எடமே உடல.”

“ஆமாம்.”

அவருடைய இயந்திரம் கம்பியையும் தாண்டியது. வீடே அதிர்ந்தது. சற்று நேரத்தில் குழாயின் கடைசித் துண்டைப் பொருத்தி, தொங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஆனையக் கட்டலாம் சார்.” சொன்னபின் நாற்காலியின் பக்கம் திரும்பாமல் வயரைச் சுருட்டத் தொடங்கினார்.

அவர் போனபின் அவள் தன்னைத் தூணருகே தள்ளிக்கொண்டு போகச் சொன்னாள். அவள் விரல்கள் அப்போது மடங்குவதில்லை. புறங்கையால் குழாயைத் தொட்டாள்.

“கொஞ்சம் ஒசரமாப் போச்சு,” என்றாள். “பரவால்ல.”

உயரம் அவள் நின்றபடி அளந்தது.

அதன் பிறகு நடந்தவற்றை எழுதுவதில் பொருளில்லை. நோய் தன் வரிசையை மாற்றிக்கொள்ளவில்லை. கடைசியில் அவளுக்குப் பேச்சும் இல்லை. வாயைத் திறக்கமாட்டேன் என்று சொன்னதும் நிறைவேறிவிட்டது.

கருமாதிக்கு முன்தினம் பக்கத்து வீட்டுக்காரர் அவள் படத்தைச் சட்டமிட்டுக் கொண்டுவந்தார். காலையில் உறவினர்கள் வருவதற்குள் மாட்டியிருக்க வேண்டும் என்றார். கூடத்துச் சுவரில் ஆணி இல்லை. அவர் தன் வீட்டிலிருந்து சுத்தியல் கொண்டுவருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்தேன். பேட்டரியில் உயிர் இருந்தது. புதுப் பிட்டைப் பொருத்தினேன். சுவரில் இடம் பார்த்தேன். பிறகு ஒரு தபால் உறையை எடுத்து, வாயைத் திறந்து, குறிக்குக் கீழே ஒட்டினேன்.

“இன்னாத்துக்கு சார் கவரு?”

“தூசு விழும்.”

அவர் படத்தை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு என் அருகில் நின்றார். நான் பொத்தானை அழுத்தினேன். கூடத்துச் சுவர் வெறும் சாம்பல் கல். தூண் அங்கிருந்து தள்ளி இருக்கிறது. ஒலி மாறவில்லை. எந்த இடத்திலும் தடை இல்லை. மூச்சை இழுத்து விடுவதற்குள் துளை முழு ஆழத்துக்கும் போய்விட்டது. என் தோளுக்கும் வலிக்கவில்லை. கொஞ்சம் சாம்பல், உறையின் அடியில்.

“சூப்பர் மிஷினு சார்,” என்று அவர் மெதுவாகச் சொன்னார்; சொல்லியிருக்கக்கூடாதோ என்று நினைத்தவர்போல் உடனே படத்தைப் பார்த்தார்.

அட்டைப்பெட்டி எங்கள் காலடியில் கிடந்தது. மஞ்சள் சட்டைக்காரியும், படத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவனும். அந்தப் படத்தில் நிறுவனம் எதையும் மிகைப்படுத்தவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எதற்கென்று பெட்டியில் படம் போட்டார்களோ அதை அந்த இயந்திரம் செய்தது. அதற்கு மேல் கேட்டவர்கள் நாங்கள்.

குழாய் இன்னும் சுவரில் இருக்கிறது. அகற்றினால் துளைகள் மிஞ்சும். கடையிலிருந்து வரும்போது அதன்மேல் சுற்றியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் உறை, கட்டிலிலிருந்து தூண்வரை அவள் கை பட்டுப்பட்டுத் தேய்ந்து உரிந்துவிட்டது. தூணில் பொருத்திய கடைசித் துண்டில் அது கடையில் இருந்தபடியே இருக்கிறது, சுருக்கம்கூட விழாமல். நான் குளியலறைக்குப் போகும்போது எதிர்ப்பக்கச் சுவரோரமாகப் போகிறேன்.

நேற்று பக்கத்து வீட்டுக்காரர் மறுபடியும் வந்தார்.

“இன்னா சார், யோசிச்சீங்களா? நாளையோட ஆஃபர் முடியுது.”

“வாங்குங்க. ஸ்கிரீன் ராடுக்குப் போதும். படம் மாட்டறதுக்கும் போதும். பிட்டு மட்டும் நல்லதா தனியா வாங்கிக்கங்க.”

“அவ்ளதானா?”

“பில்லர்ல மட்டும் வெக்காதீங்க.”

அவர் சிரித்தார். “பில்லர்ல போயி எவன் சார் ஓட்ட போடுவான்?”

யாரும் போடமாட்டார்கள் என்றேன்.